பல் நிறத்தில் ஒரு கைக்கடிகாரம்

பொய்ப்பல் செய்கிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. நன்றாகச் செய்தால் செய்தது யாருக்கும் தெரியாது. தெரிந்துவிட்டால் நன்றாகச் செய்யவில்லை என்று அர்த்தம். தெருவே ‘பல்செட்’ என்று கூப்பிடும் இந்த மனிதர் பாதி ஆயுளை இப்படித்தான் ஓட்டியிருக்கிறார். பல் டாக்டர் வாயை அச்செடுத்து அனுப்புவார். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் ஜன்னலில்லாத லேபில் உட்கார்ந்து இவர் அதைப் பல்லாக்கித் திருப்பி அனுப்புவார். பஸ்ஸில் எதிர் சீட்டில் யாராவது சிரித்தால் இவர் முகத்தைப் பார்ப்பதில்லை, ஈறு எங்கே முடிகிறது என்று பார்ப்பார். அதற்காகச் சில பெண்களிடம் முறைப்பும் வாங்கியிருக்கிறார்.

வினை போன் வழியாக வந்தது. பல்செட்டின் மனைவிக்கு ஒரு அக்கா. அக்காவின் வீட்டுக்காரர், அதாவது பல்செட்டின் சகலை, குளியலறை டைல்ஸ் வியாபாரி. அவர் பெரிய கம்பெனிக் கடிகாரம் ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அக்கா எதைப் பேசினாலும் பேச்சு அந்த மணிக்கட்டில் போய்த்தான் நின்றது. அங்கே மழையா என்று கேட்டால், “செம மழை. இவரு வாட்ச்சுக்குள்ள ஒரு சொட்டு போகலையே” என்பாள். தங்கைக்காரியும் எவ்வளவுதான் பொறுப்பாள்? “எங்க வீட்லயும் வாங்கியாச்சுக்கா” என்று சொல்லிவிட்டாள்.

“அப்படியா? அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றோம், பாத்துடலாம்” என்றாள் அக்கா.

“என்ன வாங்கியாச்சு?” என்று கேட்டார் பல்செட், போனை வைத்ததும்.

“வாட்ச்சு.”

“யாரு?”

“நீங்கதான்.”

பல்செட் தன் வெறுங்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லிடலாமே.”

“வாங்கின வாரமேவா? அவளுக்குத் தெரிஞ்சா சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டுவா. நான் முதல்ல செத்துட்டா என் போட்டோகிட்ட நின்னு சொல்லுவா. ஏதாவது பண்ணுங்க.”

பல்செட்டுக்கு வாங்கத்தான் வழியில்லை, செய்ய வழி இருந்தது. லேபில் பல்லுக்கு உலோகத் தொப்பி வார்க்கும்போது மிஞ்சும் துண்டுகள் ஒரு டப்பா நிறையக் கிடந்தன. பத்திரிகை விளம்பரத்தில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து மெழுகில் ஒரு கூடு செதுக்கி, அந்தத் துண்டுகளை உருக்கி ஊற்றி, பல் மினுக்கும் சக்கரத்தில் கொடுத்துப் பளபளப்பாக்கினார். உள்ளே ஓட, மனைவியின் பழைய வாட்ச்சில் இருந்த மிஷின். வார், கைப்பிடி அறுந்த அவளுடைய ஹேண்ட்பேகின் தோல். பொய்ப்பல்லைப் பக்கத்துப் பல்லோடு பிடித்து நிறுத்தும் கம்பியை நறுக்கி, மணிக்கோடுகள். விளம்பரக் கடிகாரத்தின் முகத்துக்குள் மூன்று குட்டி முகங்கள் இருந்தன. அவற்றையும் செய்து முள் ஒட்டினார். அவை நகராது. கம்பெனிக் கடிகாரத்தில் நகர்கிற முள்ளாலும் யாரும் பிரயோஜனப்பட்டதாகத் தகவல் இல்லை. கம்பெனி பெயரை மட்டும் எழுதவில்லை. அடுத்தவன் கையெழுத்தைப் போடக் கூசியது.

கடிகார முகத்துக்குப் பல் செய்யும் பவுடர். விளம்பரத்தில் அது காகித வெள்ளை. பல்செட்டின் கை அதற்கு உடன்படவில்லை. ஒரு சிட்டிகை மஞ்சள், அதில் பாதி சாம்பல் நிறம் என்று பழக்கதோஷத்தில் கலந்துவிட்டார்.

“படத்துல வெள்ளையால்ல இருக்கு? இது டீ குடிச்ச வாய் மாதிரி இருக்கே” என்றாள் மனைவி.

“சுத்த வெள்ளையா இருந்தா பொய்னு தெரிஞ்சிடும். அம்பது வயசுக்கு இதுதான் பொருந்தும்.”

“வாட்ச்சுக்கு ஏதுங்க வயசு?”

மாற்றிச் செய்ய நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது, சகலையும் வந்துவிட்டார்.

சோபாவில் உட்கார்ந்த கையோடு பல்செட்டின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “இது புதுசு இல்லையே.”

தங்கைக்காரி டீ போடுகிற சாக்கில் சமையலறைக்கு நழுவினாள்.

“பழைய மாடல்ல இது? இந்த நிறம் புதுசுல வராது. வருஷக்கணக்கா வெயில் பட்டு மெதுவா ஏறணும். பாருங்க, பேருகூட அழிஞ்சிருக்கு. எங்க புடிச்சீங்க சகலை?”

“தெரிஞ்ச இடத்துலதான்” என்றார் பல்செட்.

“என்ன வேலைப்பாடு. அவனுங்க கை அப்படி. நம்மாளுங்க ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டா அது பக்கத்துக் கதவுல போய் மாட்டும். உங்களைச் சொல்லலை, தப்பா எடுத்துக்காதீங்க.”

பல்செட் உதட்டைப் பிரிக்காமல் சிரித்தார். டீ கொண்டு வந்த மனைவி அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். தட்டை டீப்பாய் மேல் வைத்தாள்.

“அவனுங்க யாரும் செய்யலை. இவருதான் செஞ்சாரு.”

சகலை சிரித்தார். “ஓசியில கேட்டுடுவேன்னு பயமா?”

“நெஜமாத்தான் சொல்றேன். வாங்கினோம்னு போன்ல சொன்னதுதான் பொய். வார் என் ஹேண்ட்பேகு. உள்ள ஓடறது என் பழைய வாட்ச்சு. வெள்ளையா இருக்கிறது பல்லு செய்யற பவுடரு.”

“பல்லா?” சகலைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பொய்யை ஒரு வரியில் நம்பிய மனிதர், உண்மையை விவரமாகச் சொல்லச் சொல்ல விழுந்து விழுந்து சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. தங்கையின் பொய் முழுசாக அவள் கைக்கு வந்துவிட்டது. தங்கை தரையைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

“கழட்டுங்க” என்றாள் அக்கா, பல்செட்டிடம். வாங்கித் தன் கையில் கட்டிக்கொண்டாள். கடைசி ஓட்டையில் மாட்டியும் தொளதொளத்தது. “நீங்களே செஞ்சதா?”

“ஆமாங்க.”

“அப்ப இது எனக்கு. கடையில வாங்கினதா இருந்தா வாய் தொறந்து கேக்க முடியுமா? எங்க வீட்ல ஒருத்தரு எனக்காகச் சுவத்துல ஒரு ஆணி அடிச்சதில்லை.”

சகலையின் சிரிப்பு சட்டென்று நின்றது. “ஏய், கழட்டிக் குடு. அதோட மதிப்பு தெரியுமா உனக்கு?”

“தெரியும். கெளம்புங்க.”

அக்கா படியிறங்கினாள். பின்னாலேயே இறங்கிய சகலை, பாதியில் திரும்பி ஏறி வந்து பல்செட்டின் கையைப் பிடித்துக்கொண்டார். “மனசுல வெச்சுக்காதீங்க சகலை. அவ அசந்த நேரமா பாத்து எடுத்துட்டு வந்து குடுத்துடறேன். என் பொறுப்பு.”

“இருக்கட்டும் சகலை. மெதுவா இறங்குங்க.”

உள்ளே மனைவி டீ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். “அக்கா ஒரு வார்த்தை சொல்லிக் காட்டலையே” என்றாள்.

“இன்னும் வீடு போய்ச் சேரலை” என்றார் பல்செட்.