மூன்று கோவணத் துண்டு

இந்த மலாய் நாட்டில் யாரும் வானத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. பிற்பகலானால் மழை தானே வருகிறது, பெய்துவிட்டுப் போகிறது. நேற்று மேகம் திரண்டபோது நான் மட்டும் மளிகைக்கடை வாசலில் அண்ணாந்து நின்றேன். கடைக்காரச் சீனர், "துங்கு சியாப்பா?" என்றார், யாருக்காகக் காத்திருக்கிறாய் என்று. "ஹூஜான்," மழைக்காக, என்றேன். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய் ஒரு குடையை எடுத்துவந்து நீட்டினார்.

மதுரைக்குக் கிழக்கே திருவாதவூர் எங்கள் ஊர். அங்கே பாகம் பிரித்தால் ஒவ்வொரு வயலையும் பிரிப்பார்கள். கண்மாயை ஒட்டிய மேல்மடையில் பாதி, நீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் பாதி, மானாவாரிப் புஞ்சையில் பாதி. மழை குறைந்தால் மேல்மடை மட்டும் விளையும். மிகுந்து மேல்மடை அழுகினால் கடைமடை கைகொடுக்கும். கண்மாய் நிறையாவிட்டாலும் புஞ்சையில் கம்பு வரும். அப்பா இறந்தபின் எனக்கும் தம்பி சோலைக்கும் இப்படித்தான் பிரித்தார்கள். ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து விடுப்பில் வந்திருந்த நான் சிரித்தேன். "கோவணம் கோவணமா வச்சுக்கிட்டு என்னடா செய்வ?" என்று கேட்டு, என் பங்கை விற்றுக் கப்பலேறினேன்.

அந்தப் பணத்தை நானும் மூன்றாகத்தான் பிரித்தேன். ரப்பர் கம்பெனிப் பங்குகள், சொந்தமாக ஒரு சிறு ரப்பர்த் தோட்டம், தோட்டக் கூலிகளுக்குச் சாமான் விற்ற கடையில் ஒரு கூட்டு. ரப்பர் விலை விழுந்தபோது மூன்றும் ஒன்றாக விழுந்தன. கூலிகளை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். எனக்குப் பாதிச் சம்பளம். அதுவும் எத்தனை நாளைக்கென்று தெரியாது.

சென்ற விடுப்பில், வேலை போனால் திரும்பிவந்து பிழைக்க ஓர் இடம் கேட்கத்தான் போனேன். வாய் வரவில்லை. கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தேன். சோலைதான் பேச்செடுத்தான்.

"ஒங்க தோட்டத்து ஆளுக வந்து எறங்கிட்டாகண்ணே. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டேன்."

"என்னடா கேட்ட?"

"அத விடுங்க. எம் பங்குல பாதி ஒங்களுக்கு. மேமடைல ஒரு துண்டு, கடமடைல ஒரு துண்டு, புஞ்சைல ஒரு துண்டு."

"இருக்கிறதே இம்புட்டு. எங்கயாச்சும் ஒரு எடத்துல குடு, போதும்."

"ஒரு எடத்துல குடுத்தா, அது ஏமாத்துற வருசம் என்னண்ணே செய்வீக? கோவணந்தேன். ஆனா மூணு கோவணம்ல!"

சொல்லிவிட்டு அவனே விழுந்து விழுந்து சிரித்தான். குத்திக்காட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். அவனிடம் அந்த எண்ணமே இல்லை. எனக்குத் தலை நிமிரவில்லை.

இன்று குடையைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினேன். வழியிலேயே மழை பிடித்துக்கொண்டது. நான் காத்திருக்கும் மழை இதுவல்ல என்று அந்த மனிதரிடம் சொல்ல எனக்கு மலாய் போதாது. கடைமடைக்கு நீர் எட்டியிருக்குமா என்று அண்ணாந்தேன். இரவல் குடையின் கறுப்புத் துணிதான் தெரிந்தது.