பங்களா பாய்லருக்குப் பால் பொங்கியவள்

சிங்கப்பூருக்கு வடக்கே, தம்போய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், துரை பங்களாவுக்குப் பதினோரு வருஷமாக வெந்நீர் போட்டவள் ராக்காயி. அவளுடைய செம்பு பாய்லருக்கு அவளைவிட வயது அதிகம், முனகலும் அதிகம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம் அது அடியில் ஓட்டை விழுந்து தன் அடுப்பைத் தானே அணைத்துக்கொண்டது. சிங்கப்பூரிலிருந்து லாரியில் புதுப் பாய்லர் வந்தது.

"இதுல குழாய் நேரா குளிக்கிற அறைக்கே போவுது. இனி வாளி தூக்க ஆள் வேணாம்லா," என்றார் பங்களாவில் சமைக்கும் குசினிக்காரர் அந்தோணிமுத்து.

இந்த வேலை போனால் ராக்காயி மறுபடியும் ரப்பர் பட்டையைச் சீவிப் பால் இறக்க, பால்மரம் வெட்டத்தான் போக வேண்டும். அங்கே ரத்தம் குடிக்க அட்டைகள் காத்திருக்கும்.

ஆனாலும் புதிதாக வந்ததில் முதலில் பால் பொங்க வேண்டாமா? பாய்லருக்குப் பொட்டு வைத்து, தண்ணீரோடு ஒரு வாளிப் பசும்பாலையும் ஊற்றிப் பற்றவைத்தாள். அதற்குள் துரை குழாயைத் திறந்துவிட்டார்.

"ராக்காயி, தண்ணி ஏன் வெள்ளை?"

"பாலுங்க தொரை. பொங்குறதுக்குள்ள அவசரப்பட்டுட்டீங்க."

துரை அந்தத் தண்ணீரிலேயே குளித்தார்; மூன்றாம் நாள் அவர் முதுகில் இருந்த வேர்க்குரு ஒன்றுகூட மிச்சமில்லை. வழுக்கையில் ஏழு முடி முளைத்ததாம், எண்ணியவர் அந்தோணிமுத்து. இனி வெள்ளிக்கிழமைதோறும் பால் குளியல் என்று உத்தரவானது. பால் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று ராக்காயி யாருக்கும் சொல்லவில்லை. புதுப் பாய்லர் அவள் பொறுப்பிலேயே இருந்தது.

பழைய பாய்லரைத் தான் குடியிருந்த லயத்து வாசலில் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துதான் வெற்றிலை போடுவாள்.