அந்த ஜாக்கெட் யாருடையது

இருபது வருடமாக ஊரார் ஜாக்கெட்டுகளைத் தைத்துக் கொடுத்துப் பிழைக்கிறவள் நான். கீழக்குயில்குடி போகிற ரோட்டில் எங்கள் வீடு, முன்னறையில் மெஷின். ஒரு ஜாக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்தாலே போட்டவள் குண்டா ஒல்லியா, கூனலா நிமிர்வா என்று சொல்லிவிடுவேன் என்று பெருமை பீற்றிக்கொள்வேன். அந்தப் பெருமையெல்லாம் போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு சரி.

அன்று பீரோவுக்கு மேலே இருந்த சூட்கேஸைத் தூசு தட்ட இறக்கினேன். உள்ளே என் வீட்டுக்காரருடைய பழைய காக்கி யூனிஃபார்ம்கள். அவர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். காக்கிக்கு அடியில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு ஜாக்கெட், அதே நிறத்தில் புடவை, ஒரு டஜன் கண்ணாடி வளையல். ஜாக்கெட் எனக்கு இரண்டு சுற்றுப் பெரியது. அக்குளில் வேர்வைக் கறை.

யாரோ ஒரு தடிச்சியின் முகத்தை மனசே வரைந்துவிட்டது. நின்று யோசிக்கவில்லை. திருவாதவூரில் விவசாயம் பார்க்கும் என் இரண்டு அண்ணன்களுக்கும் போன் போட்டேன். அதோடாவது விட்டேனா? கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மகளுக்கும் போன் போட்டு, "உங்கப்பனுக்குச் சின்ன வீடு இருக்குடி" என்று அழுதேன். பெற்ற மகளிடம் பேசுகிற பேச்சா அது? ஒரே பிள்ளை, அப்பா மேல் உயிராக இருந்தவள்.

மத்தியானம் அவர் டூட்டி முடிந்து வரும்போது அண்ணன்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஸ்டூல் மேல் அந்த ஜாக்கெட். அதைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"இது யார் ஜாக்கெட்டு மாப்ள?" என்றார் பெரியண்ணன்.

அவர் தோளிலிருந்த கண்டக்டர் பையைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"எம்புட்டு நாளா நடக்குது?"

"ரொம்ப நாளா."

"யாரு அவ?"

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, "பஸ்ஸுல வர்ற பொம்பள. இனிமே போக மாட்டேன்" என்றார். சின்னண்ணன் எழுந்து கன்னத்தில் ஒன்று விட்டார். அவர் தடுக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் வெறும் வாய்ச்சொல் செல்லாது. சூடம் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டும். தட்டில் சூடத்தைக் கொளுத்திக் கொண்டுவந்து வைத்தவள் நான்தான். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, "இனி அவ பக்கமே போக மாட்டேன், சத்தியம்" என்றார். அதை மீறினால் குடும்பம் விளங்காது என்பார்கள். எனக்கு நெஞ்சு குளிர்ந்துதான் போயிற்று.

மகள் அன்றோடு அவரிடம் பேசுவதை விட்டாள். எனக்கு மட்டும் போன் வரும். "அந்தாளு பக்கத்துல இருக்காரா? அப்ப பெறகு பேசுறேன்" என்று வைத்துவிடுவாள். அது அவர் காதிலும் விழும். பொங்கலுக்கும் அவள் வரவில்லை. அவளுக்கென்று வாங்கி வந்த கரும்பு சமையலறை மூலையிலேயே காய்ந்தது.

ஜாக்கெட்டை எரித்துவிடச் சொல்லியிருந்தார் பெரியண்ணன். தைத்த துணியை எரிக்க எனக்கு மனசு வராது. பிரித்தால் வேறு ஜாக்கெட்டின் ஓரத்தில் பைப்பிங் வைக்கவாவது ஆகும் என்று எடுத்து வைத்திருந்தேன். பொங்கல் கழிந்து ஒரு சாயங்காலம் தையலைப் பிரிக்க உட்கார்ந்தபோதுதான் என் கண் திறந்தது.

துணியைத் திருப்பித் தைத்த இடத்திலெல்லாம் ஒரு தையல் விட்டுப்போயிருந்தது. எந்த மெக்கானிக் பார்த்தும் தீராத என் மெஷினின் கோளாறு அது. கொக்கிகள் இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தன. லீவு நாளில் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குக் கொக்கி கட்டித் தருகிறவர் அப்படித்தான் முடிச்சுப் போடுவார். டேப்பை எடுத்து அளந்தேன். மார்புக்கும் இடுப்புக்கும் வித்தியாசமே இல்லை. இடது தோள் மட்டும் அரை அங்குலம் இறக்கி வெட்டியிருந்தது. வருடக்கணக்காகக் கண்டக்டர் பை மாட்டி இறங்கிப்போன தோள். அவருக்குச் சட்டை தைக்கும்போதெல்லாம் நான் இறக்கி வெட்டுகிற அதே அரை அங்குலம்.

மேலே பல்லி விழுந்ததுபோல் ஜாக்கெட்டை உதறினேன். முதலில் எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? ஐயோ, இது நிஜமாகவே ஒரு பொம்பளையாக இருந்திருக்கக் கூடாதா என்பதுதான். எழுதவே கூசுகிறது. ஆனால் அதுதான் தோன்றியது.

அவர் வந்ததும், "நில்லுங்க" என்று சொல்லி முதுகுப்பக்கம் தோளோடு தோள் டேப்பை வைத்தேன். அளவு அச்சாகப் பொருந்தியது. அவருக்குப் புரிந்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"இல்லாத பொம்பளைய எதுக்கு இருக்கான்னு ஒத்துக்கிட்டீங்க?"

"பொம்பள சகவாசம்னா நாலு வசவு வஞ்சுட்டு விட்ருவாய்ங்க. இதச் சொன்னா ஒங்கண்ணன்மாரு உன்னயக் கூட்டிட்டுப் போயிருவாய்ங்க. பிள்ளையப் பாத்தும் ஊரே சிரிக்கும்."

"எப்பப் போடுவீங்க?"

"நீ திருவாதவூர் போற அன்னைக்கு. தச்சதும் அப்பத்தான், உன் மெஷின்லயே. கதவச் சாத்திட்டு, கட்டிக்கிட்டு, காப்பி போட்டுக் குடிச்சுட்டு சும்மா உக்காந்திருப்பேன். அம்புட்டுத்தான்." உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே, "சூடம் அடிச்சதுல இருந்து நெனைக்கக்கூட இல்ல" என்றார்.

அவர் அழுதார். நான் பக்கத்தில் போகவில்லை. அதற்கு மறுநாள் நான் செய்ததை நினைத்தால் இன்றும் உடம்பு குன்றுகிறது. வாடிக்கைக்காரர்களின் ஜாக்கெட்டுகளையெல்லாம் அள்ளி பீரோவில் போட்டுப் பூட்டினேன். அவர் கை படக் கூடாதாம். பூட்டும் சத்தம் கேட்டு அவர் திரும்பிப் பார்த்தார். அதற்கப்புறம் லீவு நாளில் முன்னறைக்கே வருவதில்லை.

எங்கள் ஊர் அம்மன் திருவிழாவில் நேர்ந்துகொண்ட ஆம்பிளைகள் புடவை கட்டி வருவார்கள். பிள்ளைக்கு உடம்பு தேறினதற்காகச் சின்னண்ணனும் ஒரு வருடம் கட்டினார். கொசுவம் வைத்துப் பின் குத்திவிட்டவள் நான். கையெடுத்துக் கும்பிட்டும் இருக்கிறேன். அதே சின்னண்ணன்தான் இவரை அறைந்தது.

போன மாதம் மகளிடமிருந்து போன் வந்தது. "அந்தாளு இருக்காரா?" என்று ஆரம்பித்தாள். எனக்கு என்னவோ தாங்கவில்லை.

"அப்படிச் சொல்லாதடி. உங்கப்பாவுக்கு எவ சகவாசமும் கெடையாது."

"அப்ப அந்த ஜாக்கெட் யாருது?"

"நான் தச்சதுதான். ஒரு கஸ்டமருக்கு அளவு தப்பா வெட்டிட்டேன். எங்கயோ வச்சு மறந்துட்டேன்."

"பெறகு எதுக்கு அப்பா ஒத்துக்கிட்டாரு?"

"ரெண்டு மாமாவும் சேந்து மெரட்டுனா அந்த மனுசன் என்ன செய்வாரு?"

"நீயெல்லாம் ஒரு பொண்டாட்டியா?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாள். அடுத்த நிமிடம் உள்ளறையில் அவர் போன் அடித்தது. "சொல்லு தாயி" என்றவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

வெகுநேரம் கழித்து நிலைப்படியில் வந்து நின்றார். "தப்பா வெட்டிட்டேன்னா சொன்ன? உன் தொழிலுக்கே கேவலமாச்சே" என்று சிரிக்கப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "எனக்காகப் பொய் சொல்லிட்டியே" என்றார்.

நான் போய் பீரோவைத் திறந்து நாலு ஜாக்கெட்டுகளையும் கொக்கி அட்டையையும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தார். என்னால் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அந்தப் பொய்யில் பாதிதான் அவருக்காக. மீதி, ஊருக்கு உண்மை தெரிந்தால் நான் எப்படித் தெருவில் நடப்பேன் என்று எனக்காகச் சொன்னது. அது தெரியாமல் அவர் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.