பாக்கியத்தின் மனுவில் நான் எழுதிய பொய்

உயிரோடிருந்த ஒரு மனிதரை இறந்துவிட்டதாக எழுதிக் கையெழுத்திட்டவள் நான். அவர் மனைவி பாக்கியத்தை விதவையாக்கியதும் நான்தான். இதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஏனென்றால் மிச்சத்தை நான் பெருமையோடுதான் சொல்லப் போகிறேன்.

ஐம்பதுகளில் உதவித்தொகை அலுவலகம் ஒன்றில் விசாரணை அதிகாரியாக இருந்தேன். மனு கொடுத்தவர்களின் வீடு தேடிப் போய், அடுப்பைப் பார்த்து, அக்கம்பக்கத்தில் கேட்டு எழுத வேண்டும். சிராங்கூன் சாலையில் நான் குடை பிடித்து நடந்தால் கடைக்காரர்கள் எழுந்து வழிவிடுவார்கள். என் குறிப்பை மேலதிகாரி இரண்டாம் முறை படித்ததில்லை. அந்தக் கர்வம் இன்றும் எனக்கு உண்டு... உங்களிடம் ஏன் மறைக்க வேண்டும்?

ஜாலான் புசார் தெருவில், ஒரு கடைவீட்டு மாடி அறையில் பாக்கியம் மூன்று பிள்ளைகளோடு இருந்தாள். கணவன் கப்பலேறிச் சொந்த ஊருக்குப் போய் இரண்டு வருடம். அங்கே இன்னொருத்தியோடு குடித்தனம். விதியோ விதவைக்கும் முதியவருக்கும் நோயாளிக்கும்தான் தொகை என்றது. கணவன் இருப்பவள் கணவனிடம் கேட்கட்டுமாம்! எல்லோருக்கும் ஒரே விதி, அதுவே நியாயம் என்று நானே பலரிடம் சொன்னதுண்டு. அன்று அவள் பானையைத் திறந்து பார்த்தேன். கஞ்சித் தண்ணீர்கூட இல்லை. கழுத்தில் தாலி கிடப்பதாலேயே ஒருத்தி பட்டினி கிடக்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

விதவை என்று எழுதினேன். ஊரில் இறந்தவருக்குச் சான்றிதழ் வரவழைப்பது பெரும்பாடு என்பதால் என் குறிப்பே போதுமானதாக இருந்தது. ஆனால் வேறு அதிகாரி திடீரென்று வந்து விசாரித்தால்? ஆகவே அவள் தாலியைக் கழற்ற வேண்டும், பொட்டை அழிக்க வேண்டும், சாவுச் செய்தி வந்ததாகச் சொல்லி நாலு பேர் பார்க்க அழ வேண்டும் என்றேன்.

"அவரு உயிரோட இருக்காரும்மா. என் வாயால எப்படிச் சொல்லுவேன்?" என்றாள்.

"புள்ளைங்க உயிரோட இருக்க வேணாமா?" என்று கேட்டேன்.

அழுதாள்... தொகை வந்தது. பிள்ளைகள் வயிறாரத் தின்றார்கள், பள்ளிக்கூடம் போனார்கள். மூத்தவள் பின்னாளில் ஆஸ்பத்திரியில் தாதியானாள். அவள் வயதுக்கு வந்த சடங்கன்று பெற்றவள் ஆரத்தி எடுக்க முடியாமல் ஓரமாக நின்றதையும் பார்த்தேன்தான். ஆனாலும் மூன்று உயிரைக் காப்பாற்றியவள் எதற்கு வெட்கப்பட வேண்டும்?

வேண்டும். ஒரு முறை விதிகளைத் திருத்துவதற்குக் கூட்டம் போட்டார்கள். இவற்றால் யாருக்காவது அநியாயம் நடக்கிறதா என்று மேலதிகாரி என்னிடமே கேட்டார். கைவிடப்பட்ட மனைவிகளைப் பற்றி நான் வாய் திறந்திருக்கலாம். திறந்தால் என் கோப்புகளைப் புரட்டுவார்களே! அப்படி ஒன்றுமில்லை என்றேன். விதி அப்படியே நின்றது. என்னைப் போல் பொய் எழுத ஆள் வாய்க்காத பாக்கியங்கள் எத்தனை பேரோ... அவர்கள் முகம்கூட எனக்குத் தெரியாது.

அறுபதுகளின் நடுவில் ஒரு மத்தியானம் பாக்கியம் என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஊர்க் கடிதம். அவள் கணவன் போன மாதம் நிஜமாகவே இறந்துவிட்டான்.

"இங்க எல்லாருக்கும் நான் எப்பவோ அழுது முடிச்சவம்மா. இப்ப எங்க போய் அழுவேன்?"

என் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். விட்டுப் போனவனுக்காக இப்படியும் ஒருத்தி அழுவாளா! பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையையாவது பிடித்திருக்கலாம் நான். எழுந்து போய், அடுத்த வீட்டுக்குக் கேட்டுவிடாமல் ஜன்னலைச் சாத்தினேன்.