கூரையில் ஒரு கண்ணாடி ஓடு

துடியலூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில், என் அறை ஜன்னல் விளிம்பில் ஒரு கண்ணாடி ஓடு சாய்ந்து நிற்கிறது. ஓட்டு வீடுகளில் வெளிச்சத்துக்காகச் செவ்வோடுகளுக்கு நடுவே ஒன்றைச் செருகுவார்களே, அந்தக் கனத்த ஓடு. ஒரு மூலையில் நகக்கண் அளவுக்குச் சில்லு போயிருக்கிறது, மற்றபடி முழுசு. வீட்டுக்கு வருகிறவர்கள் ஏதோ அலங்காரப் பொருள் என்று நினைத்து எங்கே வாங்கினீர்கள் என்று கேட்பார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டு, ஆறு வாரமாக இந்தக் கட்டிலில் கிடக்கிறேன். எனக்குப் பார்க்க இருப்பது அந்த ஓடு ஒன்றுதான். தலைக்கு மேலே வெள்ளையடித்த கான்கிரீட், அதற்கு மேலே வேறு யாரோ நடக்கிற தரை. சாயங்காலம் நாலு மணி வாக்கில் மேற்கு வெயில் அந்த ஓட்டுக்குள் புகுந்து, தரையில் கைக்குட்டை அகலத்துக்கு ஒரு வெளிச்சமாக விழும். அது விழுகிற நேரத்தில் என் மாமனாரை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் போத்தனூரிலிருந்து சோமனூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். அப்பா ரயில்வேக்காரர். குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். வேண்டும், வேண்டாம் என்பதை முகத்துக்கு நேராகச் சொல்லிப் பழகியவள். போன இடமோ மரியாதையிலேயே ஊறிய வீடு. என் மாமனார், நான் மாமா என்று கூப்பிட்டவர், கன்றுக்குட்டியைத் தள்ளி நிற்கச் சொல்லும்போதுகூட “கொஞ்சம் அக்கட்டால நில்லுங்க” என்பார். எதையும் வாய்விட்டுக் கேட்க மாட்டார், எதையும் மறுக்கவும் மாட்டார். மாமியார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். மாமா, என் வீட்டுக்காரர், நான் என்று மூன்றே பேர். வீட்டை ஒட்டிய கொட்டகையில் எட்டு விசைத்தறிகள். கரண்ட் இருக்கும் நேரமெல்லாம் அவை ஓடும், என் வீட்டுக்காரரும் அவற்றோடு ஓடுவார். அந்த இரைச்சலில் பக்கத்து அறைக்குக் கேட்க வேண்டுமென்றாலும் கத்தித்தான் பேச வேண்டும். மாமா கத்திப் பேசுகிற ஆளே இல்லை.

அவர் படுக்கையில் இருந்தார். எனக்குக் கல்யாணமாவதற்கு இரண்டு வருஷம் முன்பு, மழைக்காலம் தொடங்குமுன் உடைந்த ஓடுகளை மாற்ற அவரே கூரையில் ஏறியிருக்கிறார். வருஷா வருஷம் ஏறுகிற கூரைதான். அந்த வருஷம் கால் சறுக்கிவிட்டது. இடுப்புக்குக் கீழே எதுவும் அசையாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். தன்னைத் தள்ளிவிட்ட கூரையைப் பார்த்துக்கொண்டே மல்லாந்து கிடக்கும்படி ஆகிவிட்டது. அவருடைய தேக்கங்கட்டில் அறைக்குள்ளேயே வைத்துப் பொருத்தியது, வாசலுக்கு வெளியே எடுக்க வராது. காலையில் மகன் அவரைக் குளிப்பாட்டி வேட்டி மாற்றிவிட்டுத் தறிக்குப் போய்விட்டால், அப்புறம் பொழுதுக்கும் அவருக்கு நான், எனக்கு அவர். அவரைத் தனியே விட்டுவிட்டு எங்கே போக? என் தம்பி கல்யாணத்துக்குக்கூட மண்டபத்தில் சாப்பிட்ட கையோடு பஸ் ஏறினேன். “என்னால உனக்குங் காவலாப் போச்சு அம்மணி” என்றார் அன்றைக்கு. அப்படியெல்லாம் இல்லைங்க மாமா என்று சொன்னேன். பொய்தான் சொன்னேன். சில மத்தியானங்களில் அடுப்படியில் நின்றுகொண்டு, இந்த வீட்டை விட்டு ஓடிவிட மாட்டோமா என்று அழுதிருக்கிறேன்.

அந்தக் கூரையில் அவர் அறைக்கு நேர் மேலே இருந்ததுதான் இந்தக் கண்ணாடி ஓடு. காலையில் அதன் வழியே வரும் வெயில் மேற்குச் சுவரில் காலண்டர் மேல் விழும். அப்புறம் சுவரில் இறங்கி, தரையில் நகர்ந்து, உச்சிப்பொழுதில் அவர் கால்மாட்டுக்கு வரும். மூன்று மணிக்கு மேல் அவருடைய இடது கைக்கு வரும். அப்போது உள்ளங்கையை விரித்து வைத்துக்கொள்வார். அது தாண்டிப் போகும் வரைக்கும், ஒரு கால்மணி நேரம் இருக்கும், கையை அசைக்க மாட்டார், பேசவும் மாட்டார். பிறகு, “கையைத் தாண்டிப்போச்சுங்க அம்மணி, பால்காரர் வந்துருவாரு” என்பார். சொன்னால் சொன்னபடி சைக்கிள் மணி கேட்கும். அறையில் கடிகாரமே கிடையாது. ஓடு மாற்ற ஆள் வந்தால் படுத்த இடத்திலிருந்தே வழி சொல்வார்: “எடப்பக்கம் மூணாவது வரிசைங்க, கீழ இருந்து அஞ்சாவதுல கீறல் இருக்குது பாருங்க.” மேலே இருப்பவன் தடவிப் பார்த்துவிட்டு ஆமாம் என்பான். எனக்கு அப்போது அது ஒரு வேடிக்கை, அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் சித்திரையில் கோடை மழை இறங்கினால் சில வருஷம் ஆலங்கட்டியும் சேர்ந்து விழும். மிளகு, சுண்டைக்காய் அளவில் விழுந்து கரைந்துபோகும். பிள்ளைகள் பொறுக்கித் தின்னும். எனக்குக் கல்யாணமான மறுவருஷம் விழுந்தது எலுமிச்சங்காய் அளவு. பட்டப்பகலில் இருட்டிக்கொண்டு வந்தது, கரண்ட் போனது, தறிகள் நின்றன. வீட்டுக்காரர் நூல் எடுக்க வெளியே போயிருந்தார். முதல் கல் விழுந்து ஓடு உடைந்த சத்தத்தில் மாமாவின் அறைக்கு ஓடினேன். அதற்குள் ஒரு ஓட்டுச் சில்லு அவர் நெற்றியைக் கிழித்திருந்தது. கட்டிலை இழுக்கப் பார்த்தேன், அரையடி நகர்ந்து சுவரில் முட்டி நின்றது. சீராகக் கொண்டுவந்த பித்தளைத் தாம்பாளம் அலமாரிக்கு மேல் இருந்தது. அதை எடுத்து அவர் தலைக்கு மேலே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓடும் பனிக்கட்டியும் தாம்பாளத்தில் விழுந்த சத்தத்தில் காது அடைத்துவிட்டது. “நீ கட்லுக்கு அடியில பூந்துக்கோ கண்ணு, எனக்கென்ன, போ போ” என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். என் தோளில் இரண்டு சில்லுகள் விழுந்தன. அசைந்தால் அவர் முகத்தில் விழும், அசையாவிட்டால் என் மேல் விழும். அவ்வளவு பயத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அறிந்ததில்லை.

ஆலங்கட்டி ஓய்ந்ததும் தாம்பாளத்தை இறக்கினேன். கூரையில் பாதி இல்லை. ஓடு தாங்கும் ரீப்பர் கட்டைகளுக்கு நடுவே வானம் திறந்து கிடந்தது. மாமா நெற்றியில் ரத்தம் வழிய, அந்த ஓட்டைகள் வழியே பார்த்துக்கொண்டு, “மேகம் என்ன வேகமாப் போகுதுங்க பாரு அம்மணி” என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. வானத்தைப் பார்த்து மூன்று வருஷமாகியிருந்தது என்பது எனக்கு அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. கோபம்தான் வந்தது. உயிர் போகப் பார்த்தது, இவருக்கு மேகம் வேடிக்கையா என்று நினைத்துக்கொண்டு, துணியைக் கிழித்து நெற்றியில் அழுத்தினேன். நாலு தையல் போட்டார்கள்.

தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு, இனி என்ன போடுவது என்று யோசித்தோம். கான்கிரீட் தார்சு போட்டால் எந்தக் கல்லுக்கும் அசையாது, ஆனால் எங்கள் மண்சுவர் அந்தப் பாரத்தைத் தாங்காது. மறுபடியும் ஓடு என்றால் மறுபடியும் இதே கதை. தகரமா, சிமெண்ட் அட்டையா என்று வந்து நின்றது. வீட்டுக்காரருக்குத் தறியை விட்டு வர முடியாததால், மாமாவைப் பார்த்துக்கொள்ளத் தானே இருந்துகொண்டு என்னைக் கோயமுத்தூருக்கு அனுப்பினார். கோட்டைமேட்டுப் பக்கம் ஒரு பாய் கூரைச் சாமான்கள் விற்றார். நான் நடந்ததைச் சொன்னதும் மனுஷர் விலை பேச ஆரம்பிக்கவில்லை. எலுமிச்சங்காய் அளவில் ஒரு ஜல்லிக்கல்லைத் தேடி எடுத்து, ஓடு, தகரம், அட்டை மூன்றையும் கட்டைமேல் வைத்து, ஏணியில் ஏறி ஒவ்வொன்றின் மேலும் போட்டுக் காட்டினார். ஓடு மூன்று துண்டானது. தகரம் குழிந்து, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தம் போட்டது. அட்டை தொம் என்றது, கீறல் விழவில்லை. “பெருங்கல்லு விழுந்தா இதுவும் ஒடையுமுங்க, அதை மறைக்க மாட்டேன். ஓட்டுக்கு இது எவ்வளவோ தேவலைங்க” என்றார். அட்டையே போதும் என்றேன்.

ஏணியிலிருந்து இறங்கினவர், “ஏனுங்கம்மா, கீழ யாரு படுத்துக்குவாங்க?” என்று கேட்டார். மாமாவைப் பற்றிச் சொன்னேன். “அப்பிடீன்னா நடுவுல ஒரு கண்ணாடி அட்டை போட்டுக்கங்க. ஃபைபர்ல வருது. படுத்தே கெடக்கறவருக்கு வெளிச்சம் ஒரு தொணைங்கம்மா. இருங்க, அதுமேலயும் கல்லைப் போட்டுக் காட்டறேன்” என்று திரும்பவும் ஏணியில் கால் வைத்தார். நான்தான் தடுத்தேன். வானம் தெரிகிற இடம் ஒன்றுகூட வேண்டாங்க என்றேன். மாமா நெற்றியில் வழிந்த ரத்தம்தான் எனக்குத் தெரிந்தது. கல்லைப் போட்டுப் பார்க்கக்கூட நான் விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் முறையாக மாமாவிடம் கேட்டார். “ஏனுங்கப்பா, அட்டை போட்டுறலாங்களா?” மாமா, “உங்களுக்கு எது தோதோ அதைச் செஞ்சுபோடுங்க” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “வெளிச்சத்துக்கு மட்டும் ஏதாச்சும்…” என்று ஆரம்பித்தார். நான் முடிக்க விடவில்லை. இனி உங்க மேல ஒரு தூசி விழாதுங்க மாமா என்று பெருமையாகச் சொன்னேன். அவர் என் தோளில் சில்லு பட்ட காயத்துக்குப் போட்டிருந்த கட்டைப் பார்த்தார். “செரி அம்மணி” என்றார். அந்த வீட்டில் யாரும் யாரையும் இரண்டாவது தடவை கேட்கிற வழக்கமில்லை. வந்தவளாவது கேட்டிருக்கலாம். எனக்கும் அதற்குள் அந்த வீட்டுப் பழக்கம் வந்துவிட்டிருந்தது.

அட்டை மாட்டின அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து அவர் மணி கேட்க ஆரம்பித்தார். சமைக்கும்போது, துவைக்கும்போது, “மணி என்னங்க அம்மணி?” நாளைக்கு இருபது தடவை. சலித்துப்போய் ஒரு கடிகாரம் வாங்கி எதிர்ச்சுவரில் மாட்டினேன். கேட்பது நின்றுபோனது. அறை பகலிலும் மங்கலாகத்தான் இருந்தது, வெயிலில் அட்டை காய்ந்து அனல் இறங்கியது. அவர் அநேகமாகக் கண்ணை மூடிக்கொண்டே இருந்தார், தூங்குகிறார் என்று நினைத்தேன். அடுத்த சித்திரையில் ஆலங்கட்டி வந்தது, பெரிதாகவே வந்தது. நான் உள்ளே ஓடிப்போய், பார்த்தீங்களா மாமா, ஒரு சொட்டு இறங்கவில்லை என்று கத்தினேன். “நல்லதாப் போச்சு கண்ணு” என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, “வெளிய இப்பப் பகலுங்களா?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டே ஆமாங்க என்றுவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த வருஷம் ஆனி மாதத்தில் ஒருநாள் அறையைக் கூட்டும்போதுதான் கவனித்தேன், கடிகாரம் நாலே பத்தில் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று கேட்டேன். “நாளு நாலஞ்சு இருக்குமுங்க. உனக்கு எதுக்கு இன்னொரு வேலைன்னு உட்டுட்டேன்” என்றார். துடைப்பத்தோடு அப்படியே நின்றேன். நாலைந்து நாளாக, பொழுது எந்த மட்டில் இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் ஒரு மனிதர் என் கண்ணெதிரே கிடந்திருக்கிறார். நான் மூன்று வேளையும் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அவர் கேட்டார், அந்த வீட்டில் அவர் வாய்விட்டு என்னைக் கேட்ட ஒரே பொருள்: “அந்தக் கண்ணாடி ஓடு என்னாச்சுங்க அம்மணி?”

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், தண்ணீர் டிரம் மூடி காற்றில் பறக்காமலிருக்க அதைப் பாரமாக வைத்திருந்தேன். தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தேன். நெஞ்சின் மேல் நிறுத்திக்கொண்டு, அதன் வழியே கதவுப் பக்கத்து வெளிச்சத்தைப் பார்த்தார். ஓரம் முழுக்க விரலால் தடவினார். “ஒடையவே இல்லையே” என்றார். குற்றம் சொல்லவில்லை, ஆச்சரியப்பட்டார், அவ்வளவுதான். சுற்றியிருந்த ஓடெல்லாம் நொறுங்கின அன்றைக்கு இது மட்டும் முழுசாகத் தப்பியிருந்தது. உடைந்துவிடும் என்று பயந்து எதை வேண்டாமென்றேனோ, அது மட்டுமே தாங்கியிருக்கிறது. அதை எடுத்து டிரம்மின் மேல் வைத்தவள் நான், எத்தனையோ தடவை தொட்டவள் நான், ஒருநாளும் யோசிக்கவில்லை.

மறுநாளே பாய் கடையில் கண்ணாடி அட்டை வாங்கி வந்தோம். மாட்ட ஆள் வருவதற்குள், இரண்டு நாளில் ஆடி பிறந்தது. ஆடியில் கூரையைப் பிரிக்கக் கூடாது, ஆவணியில் மாட்டிக்கொள்ளலாம் என்றார் வீட்டுக்காரர். “அதுக்கென்னுங்க, ஆவணிக்கே மாட்டிக்கலாம்” என்றார் மாமா. நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். போத்தனூர்க்காரி திறந்திருப்பாள். ஆடி மூன்றாவது வாரம், தறிகள் ஓடிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், அந்த இருட்டறையில் மாமா போய்விட்டார். கண்ணாடி அட்டை சுற்றின காகிதம் பிரிக்காமல் அவர் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது.

வீட்டுக்காரரும் போய், தறிகளை விற்று, நான் மகனோடு துடியலூருக்கு வந்தபோது கொண்டுவந்தது இந்த ஓடு. இப்போது மணி நாலு இருக்கும். வெளிச்சம் தரையில் விழுந்திருக்கிறது. கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளியே விழுகிறது, ஆறு வாரமாக அப்படித்தான். கையை எவ்வளவு நீட்டினாலும் எட்டாது. கட்டிலை ஒரு முழம் ஜன்னல் பக்கம் இழுத்துப் போடச் சொன்னால் போதும், சக்கரம் வைத்த கட்டில், ஒரு நிமிஷ வேலை. சற்று முன்னால்தான் மகன் ஆபீஸ் போன் ஒரு காதில் இருக்க, வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். “ஏனுங்கம்மா, ஏதாச்சும் வேணுங்களா?” என்று கேட்டான்.

“ஒண்ணும் வேண்டாங் கண்ணு, நீ வேலையைப் பாரு” என்றேன்.