தடுப்பில் விட்ட இடைவெளி

புதிதாகப் போட்ட தாரின் வாசனை தொண்டைக்குள் இறங்கிக் கசக்கும். சேலத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையை எங்கள் ஊருக்குள் நால்வழியாக அகலப்படுத்திய அந்தக் கோடையில், நாங்கள் உண்ட சோற்றிலும் உடுத்திய துணியிலும் அந்த வாசனைதான் இருந்தது. நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். அக்கா பூங்கொடி எட்டாவது முடித்திருந்தாள். சாலைக்கு மேற்கே கடைவீதி, அதில் அப்பாவின் டீக்கடை, அதன் பின்னால் எங்கள் வீடு. கிழக்கே பள்ளிக்கூடம்.

சாலை நடுவே கான்கிரீட் தடுப்பு எழும்பியதும் கடைக்காரர்கள் பதறிப்போனார்கள். எதிர்ப்பக்கம் போகிற லாரி, தடுப்பைத் தாண்டி எப்படிக் கடைக்கு வரும்? எல்லோரும் ஓடியது வணிகர் சங்கத் தலைவர் சென்னியப்பனிடம். இரும்புக்கடை வைத்திருந்த அவர்தான் ஊருக்குத் தண்ணீர்த் தொட்டி கேட்டு வாங்கியவர், பெண்பிள்ளைகளுக்கு விடுதி கட்ட வைத்தவர், சந்தைக்குக் கூரை போட வைத்தவர். கடைகளுக்கு நேராகத் தடுப்பில் ஓர் இடைவெளி விடவேண்டும் என்று அவர் மனு எழுதினார், எல்லோரும் கையெழுத்திட்டார்கள், ஒவ்வோர் அலுவலகமாக அவரே ஏறி இறங்கினார். ஊர் அதைக் "கேப்பு" என்றது. அது கிடைத்த அன்று அப்பா வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்து, "தலைவரு சாதிச்சுப்போட்டாருங்க" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

ஐப்பசியில் ஒரு காலை, தூறிக்கொண்டிருந்தது. கேப்பில் திரும்புவதற்காக ஒரு லாரி வேகத்தைக் குறைக்க, பின்னால் வந்த பேருந்து அதைச் சுற்றிக்கொண்டு முன்னேறியது. பள்ளிக்கூடம் போக அந்தக் கேப்பு வழியாக அக்கா பாதிச் சாலையைக் கடந்திருந்தாள். நான் அவளுக்கு நாலடி பின்னால் இருந்தேன். அவ்வளவுதான் சொல்ல முடிகிறது.

மூன்றாம் நாள் சென்னியப்பன் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. வாசற்படிக்கு உள்ளே நின்றபடி அப்பாவிடம், "அந்தக் கேப்பு நாங் கேட்டு வாங்குனதுங்க. என்னாலதானுங்க இது" என்றார். அப்பா, "நானுந்தானுங்க கையெழுத்துப் போட்டேன்" என்றார். உள்ளேயிருந்து வந்த அம்மா இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் வெளிய போங்க" என்றாள். பொங்கல் கழியும்வரை அவள் அப்பாவோடு பேசவில்லை.

அதே வாரம் சென்னியப்பன் தம் கடையிலிருந்து காலித் தார் பீப்பாய்களை உருட்டிவந்து, மணல் நிரப்பி, கேப்பை அடைத்தார். போலீஸ்காரர்கள் அப்புறப்படுத்தினார்கள். மறுநாள் மீண்டும் உருட்டினார். "யாவாரம் படுத்துப்போகும், தலைவரே" என்று சங்கத்தார் சண்டைக்கு வந்தபோது, "படுத்துக் கெடக்கட்டும்" என்றாராம். சிலர் அவர் கடைப்பக்கம் போவதையே விட்டார்கள். அப்பா மட்டும் போய் அவரோடு சேர்ந்து பீப்பாய் உருட்டினார். அவர்கள் நண்பர்களாகிவிட்டார்கள் என்று எழுத ஆசைதான். ஆனால் வேலை முடிந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் கைகழுவிவிட்டுப் பிரிந்து போவார்கள். கேப்பை நிரந்தரமாக அடைத்துச் சுரங்கப்பாதை தோண்டி முடிக்க எட்டு வருடம் ஆயிற்று. அதற்குள் இன்னும் இரண்டு பேர் போனார்கள். டீக்கடை ஓடாமல் மூடியபின் அப்பா கோழிப்பண்ணையில் வேலைக்குப் போனார், அங்கேயே ஒருநாள் மயங்கி விழுந்து இறந்தார்.

போன மாதம் சென்னியப்பன் எல்லாப் பொறுப்புகளிலிருந்தும் ஓய்வு பெற்றார். கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா. சேலம் அஸ்தம்பட்டியில் ஆசிரியையாக இருக்கும் என்னையும் பேச அழைத்திருந்தார்கள். சங்கச் செயலாளர் என்னைத் தனியே கூப்பிட்டு, "நல்ல நாளுங்க. பழசையெல்லாங் கெளற வேண்டாமுங்க" என்றார். ஆனால் முந்தின நாளே சென்னியப்பன் போனில் பேசியிருந்தார். "மேடையில கேப்பையுஞ் சொல்லிப்போடு, சாமி. அத உட்டுப்போட்டா மத்ததெல்லாம் பொய்யாட்ட ஆயிருமாக்கும்."

தொட்டியைச் சொன்னேன், விடுதியைச் சொன்னேன், சந்தைக் கூரையைச் சொன்னேன். பிறகு கேப்பை யார் கேட்டு வாங்கினார் என்பதையும், யாரெல்லாம் கையெழுத்திட்டார்கள் என்பதையும், அக்காவின் பெயரையும் சொன்னேன். முன்வரிசையில் இருந்த பழைய கடைக்காரர்கள் குனிந்துகொண்டார்கள். மாலையோடு உட்கார்ந்திருந்த சென்னியப்பன் எழுந்து நின்றார், நான் பேசி முடிக்கும்வரை உட்காரவே இல்லை. அவரை மன்னித்தேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கேப்பை அடைக்கச் சொல்லி எட்டு வருடம் ஓய்வில்லாமல் மனுவோடு அலைந்த வேறொருவரை நான் பார்த்ததில்லை என்பது மட்டும் தெரியும்.

பந்தி நடக்கும்போது என் அருகே வந்து, "உங்கொப்பன் இருந்திருந்தா இன்னைக்கு வந்திருப்பாரா, சாமி?" என்றார்.

"தெரியலீங்க" என்றேன். தலையசைத்துவிட்டு மெதுவாக நடந்து போனார்.

சேலம் பேருந்துக்காகக் கடைவீதி ஓரமாக வந்தேன். டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. சுரங்கப்பாதைக்குள்ளிருந்து பள்ளிப் பிள்ளைகள் எதிரொலிக்காகக் கத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். சாலை நடுவே தடுப்பு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே சீராக ஓடியது, நெடுக அரளி பூத்திருந்தது. கேப்பு எந்த இடத்தில் இருந்தது என்று நின்று தேடிப் பார்த்தேன். அந்தக் காலையில் நாலடி பின்னால் நின்றிருந்த எனக்கே அடையாளம் தெரியவில்லை.