நிறுத்தாத விளம்பரம்

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு கணவனும் மனைவியும் நடத்திய சின்ன பேக்கரியை என் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டேன். அவர்களிடம் அப்படிச் சொல்லவில்லை. "உங்க கடைய இன்டர்நெட்ல போடுறேன் ஆண்ட்டி, ஃப்ரீயா" என்றுதான் சொன்னேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. வாணியம்பாடியிலிருந்து வந்து ஈஜிபுராவில் மூன்று பேரோடு அறையெடுத்துத் தங்கி, இணைய விளம்பர நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தேன். தேடுபொறியில் யாராவது எதையாவது தேடினால் பக்கத்தின் ஓரத்தில் விளம்பரங்கள் வரும். யாருடையது மேலே வருவது என்பதற்கு ஒவ்வொரு தேடலுக்கும் ஓர் ஏலம். எங்கள் ஆட்கள் காலையும் மாலையும் ஏலத்தொகையைக் கையால் மாற்றுவார்கள். எனக்கு அந்த நிதானம் பொறுக்கவில்லை. தேடுகிறவர்கள் கூடுகிறார்களா என்று மணிக்கொரு தரம் பார்த்து, கூடினால் தொகையை ஏற்றி, குறைந்தால் இறக்கும் புரோகிராம் ஒன்றை எழுதினேன். டீம் லீட் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பெரிய கிளையன்ட் மேல உன் விளையாட்ட காட்டாத குரு. சின்னதா எதுனா ஒண்ணுல ஓட்டு, காசு கம்பெனி கணக்கு. கிராஃப் கொண்டா, அப்பறம் பேசலாம்."

ஆபீசுக்குப் பக்கத்தில் மதியம் பஃப்ஸ் சாப்பிடுகிற கடை அந்த பேக்கரி. பின்கட்டில் விறகு எரியும் பெரிய செங்கல் அடுப்பு. டிசம்பர் பாதியிலிருந்து அந்தத் தெருக்காரர்கள் கிறிஸ்துமஸுக்காக வீட்டிலேயே கேக் மாவு கலந்து, ட்ரேயில் ஊற்றி, வீட்டு நம்பர் எழுதிய காகிதத்தோடு கொண்டுவருவார்கள். அங்கிள் அடுப்பில் வைத்துச் சுட்டுத் தருவார். அவர்கள் போக மிச்ச நேரத்தில்தான் கடைக்கான கேக்.

விளம்பரம் ஓட ஆரம்பித்த வாரம் ஆண்ட்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சிகாகோலேர்ந்து ஒருத்தன் கூப்டான்பா! காக்ஸ் டவுன்ல அவங்கம்மாவுக்குக் கேக் குடுக்கணுமாம். கோடித் தெருவுல கேட்டாலே நம்ம கடை தெரியாது, சிகாகோல தெரிஞ்சிருக்கு!"

வெளிநாட்டுப் பிள்ளைகள் அம்மாக்களுக்காகத் தேடத் தேட, என் புரோகிராம் ஏற்றிக்கொண்டே போனது. கோடு மேலே ஏறுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பாட்டை மறந்தேன்.

டிசம்பர் இருபத்தொன்றாம் தேதி ஆண்ட்டி ஆபீசுக்கே ஃபோன் செய்தார். "தம்பி, போதும்பா. அங்கிளால முடியல. கூப்பிடுறவன் எல்லாம் அம்மாவுக்குங்கறான், நான் எப்படி மாட்டேன்னு சொல்றது? நீ அத நிறுத்திடு."

"நிறுத்திட்டேன் ஆண்ட்டி."

நிறுத்தவில்லை. இன்னும் இரண்டு நாளில் தேடல் உச்சத்துக்குப் போகும். உச்சம் இல்லாத கிராஃபை டீம் லீடிடம் எப்படிக் காட்டுவது? ஏலத்தொகையின் உச்சவரம்பைப் பாதியாக்கினேன். பாதி என்றால் ஏறக்குறைய நிறுத்தின மாதிரிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்றைக்கே மற்ற கேக் கடைக்காரர்கள் தங்கள் விளம்பரங்களை எடுத்துவிட்டார்கள். கை நிறைய ஆர்டர், இனி வாங்கினால் செய்து தர முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. என் புரோகிராமுக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: தேடல் அதிகம், போட்டி இல்லை. பாதித் தொகையே போதுமாக இருந்தது. இரண்டு நாளும் பக்கத்தின் உச்சியில் எங்கள் விளம்பரம்தான்.

இருபத்துமூன்றாம் தேதி மூன்று மணிக்குக் கடைக்குப் போனேன். பெருமை பார்க்கத்தான் போனேன். வாசலில் ட்ரேக்களோடு தெருக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்வீட்டு ரிட்டயர்டு நர்ஸம்மாவின் மடியில் துணி மூடிய ட்ரே.

"இன்னும் ஒரே ஈடு சிஸ்டர், அப்பறம் உங்களதுதான்" என்று உள்ளேயிருந்து அங்கிள் குரல் கொடுத்தார்.

"இதத்தான் ஒரு மணிக்கும் சொன்னீங்க. பதினோரு மணிக்குக் கலக்குன மாவு. பேக்கிங் பவுடர் போட்டது, எனக்காகக் காத்திருக்குமா? முப்பது வருஷமா மொத ஈடு எனக்குத்தான். இப்ப அமெரிக்காக்காரனுக்கு ஆயிடுச்சு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் துணியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

அப்போது கவுண்டரில் நின்ற ஓர் இளைஞர் ஆண்ட்டியிடம் சொன்னார்: "இன்னிக்குக் காலைல நெட்ல போட்டேன் ஆண்ட்டி, உங்க கடைதான் ஃபர்ஸ்ட்டு வந்துச்சு."

ஆண்ட்டி என் பக்கம் திரும்பினார். "நிறுத்திட்டேன்னு சொன்னியே தம்பி?"

"சில இடத்துல பழசு அப்படியே நிக்கும் ஆண்ட்டி."

கொஞ்சமும் தடுமாறாமல் வந்தது அந்தப் பொய். "ஓ, அப்படியா" என்று அவர் ரசீது எழுதப் போய்விட்டார். கம்ப்யூட்டர் படித்த பையன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பிவிட்டார் என நினைத்தேன். ஓட்டமாக ஆபீஸ் போய் விளம்பரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினேன். வாங்கின ஆர்டர்களை நிறுத்த என்னிடம் வழியில்லை.

நர்ஸம்மாவின் கேக் ஐந்து மணிக்கு வெளியே வந்தது. நடுவில் உள்ளங்கை அளவுக்குக் குழி. ஆண்ட்டி பதறி, கடைக் கேக் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"உங்களது நல்லாத்தான் இருக்கும். எங்க வீட்டுக் கேக் இல்லியே" என்றார் அவர். பிறகு, "விடுங்க, குழிய ஐசிங் ஊத்தி மூடிடலாம்" என்று சொல்லி, ட்ரேயைத் துணியால் போர்த்திக்கொண்டு தெருவைக் கடந்தார். நான் ட்ரேயை வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். அதுகூடத் தோன்றவில்லை.

கிராஃப் ஜெயித்தது. பெரிய கிளையன்ட்களுக்கெல்லாம் என் புரோகிராம் போனது. அதில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருந்தேன்: "இன்று எத்தனை செய்ய முடியும்?" கடைக்காரர் பூஜ்யம் போட்டால் எல்லாம் நின்றுவிடும். "இத யாரு குரு உக்காந்து நிரப்புவாங்க?" என்றார் டீம் லீட். யாரும் நிரப்பவில்லைதான். ஆனாலும் நான் அதை எடுக்கவில்லை.

அடுத்த டிசம்பர் இருபத்துமூன்று அன்று லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே பேக்கரிக்குப் போனேன். வாசலில் ட்ரேக்கள் குறைவு. நர்ஸம்மா எங்கே என்று கேட்டேன்.

"அவங்க பையன் ஓவன் வாங்கிக் குடுத்துட்டானாம். இனிமே வீட்லயே சுட்டுப்பாங்க" என்றார் ஆண்ட்டி, ட்ரேக்குக் காகிதம் வெட்டிக்கொண்டே.

"ஆண்ட்டி, போன வருஷம் நான் அத நிறுத்தல."

கத்தரிக்கோல் நிற்கவில்லை. "தெரியும்பா. அன்னிக்கே உன் மூஞ்சியில தெரிஞ்சுச்சு. அந்த ட்ரேங்கள உள்ள குடு."

எடுத்துக்கொண்டு போனேன். அங்கிள் வரிசையாக அடுப்புக்குள் தள்ளினார். முன்வரிசையில் இடதுபக்கம் ஒரு ட்ரே அளவுக்கு இடம் இருந்தது. இன்னொன்றை நீட்டினேன்.

"இல்லப்பா, அது சிஸ்டரோட எடம்" என்று சொல்லி அடுப்பின் கதவைச் சாத்தினார்.